ஊமத்தை தின்றவர் எதை மறக்கிறார்?

ஆரணியில் பட்டுத் தறி ஓடும் வீடு ஒன்றின் முன்னால் சற்று நின்று பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால் நெசவாளர் தறியை நிறுத்துவார். மயிரிழை போன்ற அந்தப் பட்டு நூலின் இரண்டு நுனிகளையும் தேடிப் பிடித்து, விரல் நுனியால் இணைத்துவிட்டு மறுபடி நாடாவை ஓட்டுவார். தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு அவர் வெறும் காற்றைப் பிசைவதுபோலத் தெரியும். கிட்டப் போனால்தான் இழை இருப்பது புலப்படும்.

இனி வேறொரு காட்சி. மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தம் விரல் நுனிகளிலிருந்து நூல் போன்ற எதையோ இழுத்துக்கொண்டே இருக்கிறார். பிறகு அதை ஊசியில் கோக்கிறார். எதிரில் யாரும் இல்லை. ஆனாலும் யாரிடமோ பேசுகிறார். நாம் எவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தாலும் அவர் கையில் நூலும் இல்லை, ஊசியும் இல்லை!

இந்தியாவில் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகப் படித்துவரும் சட்ட மருத்துவ நூல்கள், இல்லாத நூலை இழுக்கும் இந்தச் செய்கையை ஊமத்தை நஞ்சின் அடையாளமாகக் குறித்து வைத்திருக்கின்றன. இன்னொரு அடையாளமும் உண்டு. ஓரிரு நாளில் அவர் தெளிந்து எழுந்ததும், "எதை அப்படி இழுத்தீர்கள்?" என்று கேளுங்கள். அவர் திருதிருவென்று விழிப்பார். அந்த நாள் அவர் நினைவில் பெரும்பாலும் இருக்காது.

ஏன் இருப்பதில்லை? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனவர்கள், நினைவு என்பது மூளையில் எப்படிப் பதிகிறது என்பதையே ஓரளவு கண்டுகொண்டார்கள்.

குப்பைமேட்டுச் செடி

ஊமத்தையை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கமண்டல நாகநதிக் கரையிலும், காலி மனைகளிலும், சாலையோரக் குப்பைமேட்டிலும் யாரும் வளர்க்காமலேயே வளரும் செடி அது. புனல்போல நீண்ட பூ வெள்ளையாகவோ ஊதா கலந்தோ இருக்கும். காயில் முள் நிறைந்திருக்கும். 'உன்மத்தம்' என்றால் பித்து. அந்தச் சொல்லிலிருந்து வந்ததே இச்செடியின் பெயர். சிவபெருமானுக்குரிய மலர் என்று நம் முன்னோர் இதைப் போற்றினார்கள். சித்த மருத்துவத்தில் புண்ணுக்குப் போடும் மத்தன் தைலம் இதன் இலையிலிருந்து ஆவது. பூசைக்கும் மேற்பூச்சுக்கும் பயன்படுத்திய அதே முன்னோர், இதை உணவுப் பக்கம் அண்டவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் திருடர்கள் அண்டவிட்டார்கள்! கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா, 1563-ல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உணவில் ஊமத்தையைக் கலந்து கொடுத்துவிட்டு நகைகளைத் திருடிச் செல்வார்களாம். தின்றவரோ சிரித்துக்கொண்டே இருப்பாராம். கல்கத்தாவில் பணியாற்றிய நார்மன் செவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1856-ல் வெளியிட்ட சட்ட மருத்துவ நூலிலும், வழிப்போக்கர்களை மயக்கிக் கொள்ளையடிப்போரின் நஞ்சாக ஊமத்தை இடம்பெறுகிறது. கொள்ளைக்காரனுக்கு இதைவிட வசதியான நஞ்சு கிடைக்குமா? பொருளைப் பறிகொடுத்தவரே சாட்சி. அந்தச் சாட்சிக்கோ, தமக்குச் சோறு கொடுத்தவன் யார் என்பதே நினைவில்லை.

அயல்நாட்டிலும் இதே கதைதான். 1676-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சிலர் ஊமத்தை இனச் செடி ஒன்றைக் கீரையென்று எண்ணிச் சமைத்துத் தின்றார்கள். பதினொரு நாட்கள் பித்துப் பிடித்தவர்போல் திரிந்தார்கள். தெளிந்த பிறகு, நடந்தது ஒன்றுகூட அவர்களுக்கு நினைவில்லை என்று 1705-ல் ராபர்ட் பெவர்லி எழுதிய வரலாறு கூறுகிறது.

சாட்சி மறந்துவிட்டால் என்ன செய்வது? பொருளைப் பேசவைக்க வேண்டியதுதான். இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக்கூடம் 1849-ல் சென்னையில்தான் அமைந்தது. நஞ்சுகளைக் கண்டறிவது அதன் முக்கிய வேலை. ஊமத்தை விதைக்கும் மிளகாய் விதைக்கும் வேறுபாடு காண்பது அந்நாளைய பரிசோதகர்களுக்குப் பெரிய பாடம். இரண்டு செடிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கத்தரியும் தக்காளியும் அவற்றின் உறவுகளே. வீட்டில் ஒரு மிளகாய் விதையைத் தட்டையாகக் குறுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளிருக்கும் முளைக்கரு '6' என்ற எண்ணைப்போல உட்புறமாகச் சுருண்டிருக்கும். ஊமத்தையில் அதன் நுனி வெளிப்புறமாக வளைந்திருக்கும். ஊமத்தை விதை பெரியது, தடித்தது, பழுப்பு நிறமானது. மிளகாய் விதை மஞ்சளானது. (மிளகாயை மட்டும் வெட்டிப் பார்த்தால் போதும். ஊமத்தையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, ஒரு கண் பாவை மட்டும் விரிந்துபோய் மருத்துவரிடம் ஓடியவர்கள் உண்டு.)

விதை கிடைக்காமல் வெறும் சாறு மட்டும் கிடைத்தால், அதில் ஒரு துளியைப் பூனையின் கண்ணில் விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். பாவை அகல விரிந்தால் ஊமத்தை நஞ்சு என்று சந்தேகிப்பார்கள்.

கனவில் வந்த சோதனை

கண் பாவை ஏன் விரிகிறது? இதற்கு ஆஸ்திரிய விஞ்ஞானி ஓட்டோ லூவியின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு நரம்பு, தான் கொண்டுவரும் செய்தியை அடுத்த உறுப்புக்கு எப்படிச் சேர்க்கிறது? மின்சாரமாகத் தாவுகிறதா, இரசாயனப் பொருள் ஒன்றை அனுப்புகிறதா? இதைக் கண்டறியும் சோதனை ஒன்று லூவிக்கு ஒரு நாள் இரவு கனவில் தோன்றியது. அரைத் தூக்கத்தில் எழுந்து குறித்து வைத்தார். காலையில் பார்த்தால், தாம் கிறுக்கியதைத் தம்மாலேயே படிக்க முடியவில்லை! அதிருஷ்டவசமாக மறுநாள் இரவும் அதே கனவு வந்தது. இம்முறை அவர் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த கரைசலை இரண்டாவது இதயத்துக்கு மாற்றினார். எந்த நரம்பும் தொடாத அந்த இதயமும் மெதுவாகத் துடித்தது! ஆகவே, நரம்பு ஏதோ ஒரு பொருளைக் கரைசலில் விட்டிருக்க வேண்டும். 1921-ல் வெளியான இந்தச் சோதனைக்காக, ஹென்றி டேல் என்பவருடன் சேர்த்து லூவிக்கு 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பொருளின் பெயர் அசிட்டைல்கோலின்.

நரம்பு முனையில் வெளிவரும் அசிட்டைல்கோலின், அடுத்த செல்லின் மேலுள்ள 'ஏற்பி' என்னும் பூட்டில் சாவிபோல் பொருந்துகிறது. செய்தி போய்ச் சேருகிறது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் ஆகிய அல்கலாய்டுகள் அந்தப் பூட்டின் துளையில் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் போலிச் சாவிகள். அவை பூட்டைத் திறப்பதில்லை. உண்மையான சாவியையும் நுழையவிடுவதில்லை. கண் பாவையைச் சுருக்கும் உத்தரவு போய்ச் சேராததால் பாவை விரிகிறது. உமிழ்நீர் சுரக்காமல் வாய் வறள்கிறது. வியர்வை நின்றுபோய் உடல் கொதிக்கிறது. இதயத்துக்குக் கடிவாளம் போடும் வேகஸ் நரம்பின் சொல் எடுபடாததால் நாடி ஓடுகிறது.

நஞ்சே மருந்தாவதும் உண்டு. பயிருக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடலுக்குள் போனால், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் என்சைம் முடங்கி, அசிட்டைல்கோலின் அளவு மீறிக் குவிந்துவிடும். அப்போது மருத்துவர் செலுத்துவது எது தெரியுமா? அட்ரோபின்தான். அரசு மருத்துவமனைகளில் அந்த ஊசி மருந்து எத்தனையோ விவசாயிகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. எடையிட்டு, அளந்து, நாடியைப் பார்த்துக்கொண்டே செலுத்தும் மருந்து அது. காட்டுச் செடிக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. செடிக்குச் செடி, ஏன், ஒரே செடியில் காய்க்குக் காய் நஞ்சின் அளவு மாறும்.

குத்தப்படாத அட்டை

இனி மூளைக்கு வருவோம். ஆரணிச் சேலையின் கரையில் வரும் மாங்காயும் மயிலும் எப்படித் தப்பாமல் திரும்பத் திரும்ப வருகின்றன? தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். துளைகள் குத்திய அட்டைகள் மாலைபோலக் கோக்கப்பட்டு அதில் தொங்கும். கட்டம் போட்ட தாளில் முதலில் சித்திரத்தை எழுதி, அதைப் பார்த்து அட்டையில் துளையிடுவார்கள். துளை உள்ள இடத்தில் கொக்கி மேலே எழும்பி அதற்குரிய இழைகளைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் உருவாக்கிய ஏற்பாடு இது. சில தறிகளில் இப்போது அட்டைக்குப் பதில் மின்னணுப் பெட்டி வந்துவிட்டது, தத்துவம் அதேதான்.

மூளையில் அட்டை கிடையாது. செல்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பதும் தளர்வதுமே அங்கே பதிவு. ஆனாலும் உவமை ஓரளவுக்கு உதவும். இன்று நடந்ததைப் புதிய 'அட்டையாகக்' குத்தும் வேலைக்கு ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி இன்றியமையாதது. காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, கடல்குதிரை வடிவில் வளைந்து கிடக்கிறது அது. 1953-ல் அமெரிக்காவில் ஒரு வலிப்பு நோயாளிக்கு அறுவை செய்து இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை நீக்கினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் அவரால் புதிதாக எந்த நிகழ்ச்சியையும் நினைவில் இருத்த முடியவில்லை. இளமைக்கால நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன.

இந்த ஹிப்போகாம்பஸைப் 'பதிவு செய்' என்ற நிலையில் வைத்திருக்கும் தூதர்களில் அசிட்டைல்கோலின் முக்கியமானது. 1974-ல் டிராக்மன், லீவிட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உடல்நலமுள்ள இளைஞர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் ஸ்கோபோலமின் கொடுத்து நினைவுத் தேர்வு வைத்தார்கள். எண்களைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்வதில் அவ்வளவாகக் குறையில்லை. ஆனால் நீண்ட பட்டியலை மனத்தில் சேமித்து வைக்கச் சொன்னபோது தடுமாறினார்கள். அந்த மதிப்பெண்கள் முதியவர்களின் மதிப்பெண்களை ஒத்திருந்தன! இரண்டு ஆண்டுகள் கழித்து, அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளையில் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் என்சைம் மிகவும் குறைந்திருப்பது பிரிட்டனில் தெரியவந்தது. இப்போது அந்நோய்க்குக் கொடுக்கும் டொனெபெசில் என்ற மருந்து, எஞ்சியிருக்கும் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் காக்கிறது. நோயை அது குணப்படுத்துவதில்லை. மறதியைக் கொஞ்சம் தணிக்கிறது.

ஊமத்தை தின்றவருக்கு நடப்பது இப்போது புரிகிறதல்லவா? தறி ஓடுகிறது, ஆனால் அட்டை குத்தப்படவில்லை. அவர் பேசுகிறார், நடக்கிறார், தெரிந்த தொழிலின் கையசைவுகளைக்கூடச் செய்கிறார். எதுவும் பதிவதில்லை. தூங்கிக் கிடந்த நினைவைத் தட்டி எழுப்புவதுபோல அந்த நாளைப் பிறகு மீட்க முடியாது. பதியாததை எங்கிருந்து மீட்பது?

எல்லாம் நினைவிருக்கிறது என்ற ஹாஃப்மன்

இல்லாததைக் காட்டும் பொருள்கள் எல்லாமே மறதியைத் தருமா? இல்லை. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற வேதியியலார், கம்புப் பயிரைத் தாக்கும் எர்காட் பூஞ்சையின் உறவான ரை தானியப் பூஞ்சையை ஆராய்ந்துவந்தார். அதன் பொருள் ஒன்றிலிருந்து 1938-ல் எல்.எஸ்.டி.யைத் தயாரித்தார். 1943 ஏப்ரல் 19 அன்று ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கை விழுங்கிப் பார்த்தார். அது மிகச் சிறிய அளவு என்று அவர் எண்ணினார். உண்மையில் மிக அதிகம். சைக்கிளில் வீடு திரும்புவதற்குள் உலகமே நெளியத் தொடங்கியது. பித்துப் பிடித்துவிட்டதோ, சாகிறோமோ என்று நடுங்கினார். மறுநாள் தெளிந்ததும் அவரை வியக்கவைத்தது இதுதான்: நடந்தது ஒவ்வொன்றும் நினைவில் இருந்தது!

(நம் ஊர்க் கம்புப் பூஞ்சை தரும் நஞ்சு வேறு வகை. 1975-ல் ராஜஸ்தானில் அப்படிப்பட்ட கம்பைத் தின்றவர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் தூக்கமும்தான் வந்தன. 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதைக் கம்பைப் போட்டால், பூஞ்சை பிடித்தவை மிதக்கும். அவற்றை நீக்கிவிட்டு விதைக்கச் சொல்கிறது வேளாண்மைத் துறை.)

எல்.எஸ்.டி.யும், கொடைக்கானல் பக்கம் 'போதைக் காளான்' என்று திருட்டுத்தனமாக விற்கப்பட்டுப் போலீசாரிடம் பிடிபடும் காளான்களில் உள்ள சைலோசைபினும் அசிட்டைல்கோலினின் பூட்டை அடைப்பதில்லை. அவை செரோட்டோனின் என்ற வேறொரு தூதரின் பூட்டைத் திறக்கின்றன. அதனால்தான் மயக்கத்தின் தன்மையே மாறுகிறது. ஊமத்தை தின்றவர் இல்லாத ஆளை உண்மையென்றே நம்பிப் பேசுவார். காளான் தின்றவருக்குப் பெரும்பாலும், தாம் காண்பது போதையின் விளைவு என்ற உணர்வு மிச்சமிருக்கும்.

அப்படியானால் நினைவுக்குக் கேடில்லையா? ஹாஃப்மனின் வியப்பை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. தெருவில் ஒருவரைப் பார்த்ததும் 'எங்கேயோ பார்த்த முகம்' என்று தோன்றுவது ஒன்று. 'போன மாதம் புதுக்காமூர் கோயில் வாசலில் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தவர்' என்று இடமும் நேரமுமாக நினைவுகூர்வது இன்னொன்று. அண்மைக்கால ஆய்வுகளில், செரோட்டோனின் வகைப் பொருள்களின் பிடியில் இருப்பவர் கற்றவற்றைப் பின்னர் சோதித்தபோது, இரண்டாவது வகை நினைவு குறைந்திருந்தது. முதல் வகை குறையவில்லை. சில சமயம் கூடவும் செய்தது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பார்க்காததும் பார்த்ததுபோலத் தோன்றும். வெறும் எண்ணமும் பேருண்மைபோலத் தோன்றும். 'பெரிய உண்மை ஒன்று புலப்பட்டது' என்று போதையிலிருந்து எழுந்தவர் சொன்னால், அந்த உறுதி உண்மைக்குச் சான்றாகாது.

இன்னொரு செய்தியும் உங்கள் காதுக்கு வந்திருக்கலாம்: 'காளான் மூளைக்கு உரம்' என்பது. அதன் மூலம் இதுதான். 2021-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு ஒரே ஒரு தடவை சைலோசைபின் செலுத்தினார்கள். மூளையின் முன்பகுதியில் நரம்புச் செல்களின் கிளைகளில் இருக்கும் சிறு முட்கள் சுமார் 10 சதவீதம் கூடின. ஒரு மாதம் கழித்தும் அவற்றில் ஒரு பகுதி நிலைத்திருந்தது. கடுமையான மனச்சோர்வு நோய்க்கு இது பயன்படுமா என்று மருத்துவமனைகளில் சோதனைகள் நடக்கின்றன. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் முட்கள் கூடினால் பாடம் நன்றாக நினைவில் நிற்கும் என்று எவரும் நிலைநாட்டவில்லை. பாவில் இழையைக் கூட்டிவிட்டால் சித்திரம் அழகாகிவிடுமா? 2024-ல் செயின்ட் லூயிஸ் நகரில் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு வேறொன்றைக் கண்டது. ஒரு தடவை சைலோசைபின் உட்கொண்ட பின், ஹிப்போகாம்பஸுக்கும் 'நான்' என்ற எண்ணத்தோடு தொடர்புடைய மூளை வலைப்பின்னலுக்கும் இடையிலான ஒத்திசைவு சில வாரங்கள் குறைந்தே இருந்தது. அது நன்மையா தீமையா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும்.

அந்தச் சோதனைகளில் சேர்ப்பவர்கள் முதிர்ந்த வயதினர். குடும்பத்தில் சித்தப்பிரமை நோய் இருந்தால் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அத்தகையோருக்கு அந்நோயை இது கிளறிவிடக்கூடும். போதை இறங்கிய பிறகும் ஒளிக்கீற்றும் நிழலும் மாதக்கணக்கில் கண்ணில் தெரிவது சிலருக்கு உண்டு. உங்கள் வயதில் மூளையின் முன்பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இருபது வயதைத் தாண்டியும் அந்த வேலை நடக்கும். தவிர, காட்டுக் காளானில் எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கைதேர்ந்தவருக்கே கடினம். ஈரலை அழிக்கும் காளானும் சாதுவான காளானும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். எல்.எஸ்.டி., சைலோசைபின் இரண்டையும் இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் தடை செய்திருக்கிறது.

உங்கள் தெருவில் நடந்தால்

சின்னப் பிள்ளைகள் விளையாட்டாக ஊமத்தைக் காயைக் கடித்துவிடுவதுண்டு. துணிச்சலைக் காட்டப் போய்ப் பெரிய பிள்ளைகள் தின்பதும் உண்டு. முகம் சிவந்து, வாய் வறண்டு, பாவை விரிந்து, ஒருவர் திடீரென்று பிதற்றத் தொடங்கினால், 'காற்றுக் கருப்பு' என்று வேப்பிலை அடிக்கும் இடத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். அந்த நேரம் விலைமதிப்பற்றது. வாந்தி எடுக்கவைக்கவும் முயல வேண்டாம். வலிப்பு வந்தாலும் உடல் வெப்பம் எல்லை மீறினாலும் உயிருக்கே ஆபத்து. 108-க்குச் சொல்லுங்கள். கிணறு, மாடிப்படி, சாலை இவற்றின் பக்கம் போகவிடாமல் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஏனெனில், எது தரை எது தண்ணீர் என்ற பகுப்பு அவருக்கு அப்போது இராது. தின்ற செடியின் ஒரு கிளையை, முள்காயோடு காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். என்ன நடந்தது என்று நோயாளியால் சொல்ல முடியாது. மருத்துவருக்கு அந்தக் கிளை சொல்லிவிடும்.

பெரும்பாலோர் ஓரிரு நாளில் தெளிந்துவிடுவார்கள். கண் பாவை மட்டும் சுருங்க இன்னும் சில நாட்கள் ஆகலாம். அதுவரை வெயில் கூசும். கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். பாவில் அறுந்த இழையைத் தேடிப் பிடிப்பதும் அதுவரை முடியாது.